மணியடிக்கும்போது சும்மா இருந்தவன்

எல்லப்பன் முதல்முறை அம்சவல்லியை அடித்தது ஒரு கயிற்றுக் கட்டிலுக்காக. வெயிலில் காயப் போட்டிருந்த கட்டிலை மழை வருவதற்குள் எடுத்து உள்ளே போட அவள் மறந்துவிட்டாள். குவாரியிலிருந்து திரும்பியவன் நனைந்து தொங்கிய கயிற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கன்னத்தில் அறைந்தான். அவள் கீழே விழுந்தபிறகு இடுப்பில் உதைத்தான். கல்லுடைக்கிறவனின் கால் அது. ஒரு வாரம் அவளால் குனிந்து பெருக்க முடியவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று. சுங்குவார்சத்திரத்துக்குத் தெற்கே ஒரு கல்குவாரியில் எல்லப்பனுக்கு வேலை. ஏரிக்கரைப் புதர்களுக்குள் திருட்டுத்தனமாகக் காய்ச்சுவதைக் குடிப்பான். குடிக்காத நாளிலும் அடித்தான். அதனால் குடிதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளும் ஆறுதல்கூட அம்சவல்லிக்குக் கிடைக்கவில்லை. மண்வெட்டிக் காம்பு, செருப்பு, ஒருமுறை ஈர விறகு. முன்பல் ஒன்று போனது. வயிற்றிலிருந்த பிள்ளையும் ஐந்தாம் மாதத்தில் போனது.

பிள்ளை போன சேதி கேட்டு அவள் அண்ணன் தணிகாசலம் செம்பரம்பாக்கத்திலிருந்து வந்தான். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவன், மெல்லப் பேசுகிறவன். அன்று மட்டும் எல்லப்பனின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தான். ஊரில் நாலு பேர் கூடினார்கள். எல்லப்பன் தலை கவிழ்ந்து நின்றான். இனி கை வைக்கமாட்டேன் என்று கற்பூரத்தை ஏற்றி அடித்துச் சத்தியம் செய்தான்.

"சத்தியத்த நம்பி நான் வுட்டுட்டுப் போகமாட்டேன் மாப்ள," என்றான் தணிகாசலம். "வாராவாரம் வருவேன். வந்து என் கண்ணால பாப்பேன்."

சொன்னபடியே வந்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பெங்களூர் ரோட்டில் வரும் காலை பஸ்ஸில் ஏறி, சுங்குவார்சத்திரத்தில் இறங்கி, வெயிலில் நடந்து வருவான். வரும்போதெல்லாம் எல்லப்பன் விறகு பிளந்துகொண்டிருப்பான், அல்லது மாட்டைக் கழுவிக்கொண்டிருப்பான். தங்கை உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். முகத்தில் காயம் இருக்காது. முகத்தில் அடிப்பதை எல்லப்பன் நிறுத்தியிருந்தான். முதுகிலும் தொடையிலும் அடித்தான். ஞாயிறு மாலை பஸ் போன சத்தம் கேட்டபிறகு, அண்ணன் உட்கார்ந்திருந்த பலகையைக் காலால் எத்திவிட்டு ஆரம்பிப்பான்.

ஒரு ஞாயிறு, வாசல் வரை வந்து வழியனுப்பியவளிடம் தணிகாசலம் சொன்னான்.

"மாப்ள திருந்திட்டாரு அம்சா. இத்தினி வாரமா பாக்கறேனே."

"நீ வர்ற நேரத்துல திருந்திடறாரு ண்ணா."

"இன்னா சொல்ற?"

உள்ளே விறகு பிளக்கும் சத்தம் நின்றிருந்தது. "பஸ்ஸு வந்துடும், நீ போ," என்றாள்.

அந்த வாரத்தின் நடுவில் எல்லப்பன் சம்மட்டிக் காம்பால் அவள் இடது கையை ஒடித்தான். தலைக்கு வந்ததைக் கையால் தடுத்தாள். எலும்பு முறிந்த சத்தத்தை அவளே கேட்டாள். இன்னொரு வீச்சுக்கு அவன் காம்பைத் தூக்கியபோது அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலையை வலது கையால் இழுத்து அவன் கால்மேல் கவிழ்த்துவிட்டு ஓடினாள். ரோட்டில் ஒரு மணல் லாரிக்காரன் ஏற்றிக்கொண்டு போய் செம்பரம்பாக்கத்தில் இறக்கிவிட்டான். எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டுப் போட நாலைந்து நாள் ஆகிவிட்டதால் எலும்பு வளைந்துதான் கூடியது.

தணிகாசலம் திடமான ஆள். தங்கையின் கையைப் பார்த்துவிட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போய் உட்கார்ந்து அழுதான்.

"நான் பாத்துக்கினுதானேம்மா இருந்தேன்," என்றான்.

"பாத்த ண்ணா. நீ பாத்தது பொய்யில்ல," என்றாள் அவள்.

*

அதற்குப் பிறகு அம்சவல்லி நாற்று நட்டாள், செங்கல் சூளையில் மண் சுமந்தாள். எல்லப்பன் இரண்டு முறை ஆள் அனுப்பினான். மூன்றாம் முறை தானே வந்தான். அண்ணன் வீட்டு வாசலில் அவனைக் கண்டதும் அவள் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், அவன் திரும்பிப் போனான். சில வருஷங்கள் கழித்துக் குவாரியில் வெடி வைத்தபோது பாறைச் சில்லு பட்டு அவன் செத்த சேதி வந்தது. அவள் போகவில்லை. அன்று சூளைக்கு வழக்கம்போல் வேலைக்குப் போனாள்.

எழுபத்து நாலில் ஒரு விடுதியில் ஆயா வேலை இருப்பதாகத் தெரிய வந்தது. ஒரகடத்துக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் நடுவில், சவுக்குத் தோப்பை ஒட்டி, ஓடு போட்ட மூன்று நீளக் கட்டடங்கள். மூளை வளர்ச்சி குன்றி, வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் போன ஆண்களை அங்கே வைத்திருந்தார்கள். ஒரு தரும ஸ்தாபனம் நடத்தியது. செயலாளர் கோதண்டராமன், தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்டவரில்லை. நன்கொடை கொடுப்பவர்கள் வந்து பார்க்கும்போது இடம் அமைதியாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

அமைதியைக் கெடுப்பவன் சாலமோன். இருபத்திரண்டு வயது. பேச்சு வராது. இரண்டு ஆள் பருமனுக்கு ஒரு ஆள் என்று சொல்லலாம், அப்படி ஒரு உடம்பு. தாய் இறந்தபிறகு தகப்பன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவன்தான், திரும்ப வரவில்லை. சாலமோனுக்கு வெறி வந்தால் முதலில் தன் தலையைச் சுவரில் மோதுவான். தொப் தொப்பென்று, நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கும்வரை. யாராவது பிடிக்கப் போனால் அவர்களை அடிப்பான், கடிப்பான். அவனை அடக்கி வைத்திருந்தவர் யாகப்பன் என்ற காவலாள். இடுப்பில் கயிறு கட்டித் தாழ்வாரத் தூணோடு முடிந்து வைத்திருப்பார். கையில் மூங்கில் கழி. யாகப்பனின் இடது காதின் கீழ்ப்பாதி இல்லை. அது சாலமோன் கடித்துத் துப்பியது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சாலமோன் அம்சவல்லியின் தோளைக் கவ்வினான். சோற்றுத் தட்டை வைக்கக் குனிந்தவளின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் பல் இறங்கியது. யாகப்பன் கழியால் அவன் முதுகில் விளாசினார். அடி விழ விழ அவன் பிடி இறுகியது. கடைசியில் மூக்கைப் பொத்தித்தான் விடுவிக்க முடிந்தது.

"நாளைக்கு வரமாட்ட, தெரியும்," என்றார் யாகப்பன், காயத்தில் மஞ்சளை அப்பியபடி.

"வருவேன்," என்றாள் அம்சவல்லி. "இவன் மறைச்சுக் கடிக்கல."

*

எழுபத்தெட்டில் சென்னையிலிருந்து ரத்னா வந்தாள். மனோதத்துவம் படித்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண், இருபத்தாறு வயது. எல்லாரும் டாக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். "நான் டாக்டர் இல்ல," என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

அவள் கொண்டுவந்த திட்டம் கேட்பதற்கு எளிமையாக இருந்தது. சாலமோனைக் கழியால் அடிக்கக் கூடாது. அவன் அடிக்கும்போது கத்தக் கூடாது, கூட்டம் கூடக் கூடாது. தலைக்குப் பஞ்சு வைத்துத் தைத்த குல்லாயைப் போட்டு, பக்கத்தில் இருப்பவர்களை விலக்கிவிட வேண்டும். அவன் சும்மா இருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார வேண்டும், பேச வேண்டும், அவனுக்குப் பிடித்த பொரியும் வெல்லமும் கொடுக்க வேண்டும்.

"அடிச்சாலே அடங்காதவன் பொரி குடுத்தா அடங்குவானா?" என்றார் யாகப்பன்.

"அடங்கறானா இல்லையான்னு பாத்துடலாம். அதுக்குத்தான் கணக்கு வெக்கப் போறோம்," என்றாள் ரத்னா.

அந்தக் கணக்கை வைக்க அம்சவல்லியைத் தேர்ந்தெடுத்தாள். அம்சவல்லி அஞ்சாவது வரை படித்தவள், கடிகாரம் பார்க்கத் தெரியும். ஒரு சுவர்க்கடிகாரம் கால்மணிக்கு ஒருமுறை மணி அடிக்கும். தாளில் வரிசையாகக் கட்டங்கள். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் சாலமோன் தன்னையோ பிறரையோ அடித்தால் அந்தக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. அடிக்காவிட்டால் காலி. காலைக் கஞ்சி முடிந்ததிலிருந்து மாலை வரைக்கும் இப்படி.

இரண்டு மாதம் ஓடியது. தாள்களைப் பரப்பிப் பார்த்தபோது ரத்னாவின் முகம் வாடிப்போனது. முதல் வாரத்தில் எத்தனை பெருக்கல் குறிகளோ, கிட்டத்தட்ட அத்தனையே கடைசி வாரத்திலும் இருந்தன.

கோதண்டராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொரிக்கும் வெல்லத்துக்கும் ஆன செலவ விடும்மா. ரெண்டு மாசத்துல ரெண்டு பேருக்கு மண்டை வீங்கியிருக்கு. இவனை மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கே அனுப்பிடலாம்னு பாக்கறேன். அங்க செல்லுல போட்டுப் பூட்டிடுவாங்க."

ரத்னா தாழ்வாரத்துக்கு வந்தாள். அம்சவல்லி சாலமோனின் எதிரில், கட்டத்தாளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சாலமோன் கையை ஓங்கித் தன் நெற்றிப் பொட்டில் ஒரு அடி அடித்துக்கொண்டான். அவ்வளவுதான். பிறகு கையை இறக்கி விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்சவல்லி பெருக்கல் குறி போட்டாள்.

"அக்கா, இதுக்குமா போடறீங்க?"

"ஒரு தரம் அடிச்சாலும் போடுன்னு நீங்கதானே சொன்னீங்க."

ரத்னா தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு அவளருகில் தரையில் உட்கார்ந்தாள். "முதல் வாரத்துல எப்படி அடிச்சிக்கினான்? ஞாபகம் இருக்கா?"

"அப்பல்லாம் ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான். மணியடிச்சு அடுத்த மணி வர்ற வரைக்கும்கூட போவும்."

"அதுக்கும் ஒரே குறி."

"ஒரே குறிதான்."

தவறு தன்னுடையது என்பது ரத்னாவுக்கு விளங்கியது. கால்மணி முழுக்கச் சுவரில் மோதினாலும் ஒரு குறி, ஒரே ஒரு அடிக்கும் ஒரு குறி. அவன் குறைத்துக்கொண்டு வந்ததைக் காட்ட அந்தத் தாளில் இடமே இல்லாமல் அவள் செய்திருந்தாள். அதைக் கோதண்டராமனிடம் போய் நேராகவே சொன்னாள். தப்பு முறையில் அளந்துவிட்டேன், இன்னும் ஆறு வாரம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாள்.

*

புது முறையில் நடுவில் நடப்பது கணக்கில்லை. மணி அடிக்கிற அந்தக் கணத்தில் நிமிர்ந்து பார்க்க வேண்டும். அப்போது அவன் அடித்துக்கொண்டிருந்தால் குறி, இல்லாவிட்டால் காலி. நாள் முழுக்க இப்படித் துளித்துளியாக எடுத்துப் பார்த்தால், அவன் பொழுதில் எவ்வளவு பங்கு அடியில் போகிறது என்பது தெரிந்துவிடும் என்று ரத்னா விளக்கினாள். அம்சவல்லிக்கும் இது வசதியாக இருந்தது. நடுவில் துணி அலசலாம், மற்றவர்களைக் கழுவிவிடலாம்.

குறிகள் சட்டென்று குறைந்தன. மூன்றாம் வாரத்தில் சில நாட்கள் தாள் முழுக்கக் காலியாகவே இருந்தது.

கோதண்டராமனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மாத முடிவில் நன்கொடையாளர்கள் வருவதாக இருந்தது. தாளை அவர்களிடம் காட்டலாம், தூணில் கட்டிய கயிற்றைக் காட்ட முடியாது. "கயித்த அவிழ்த்துடுங்க," என்று உத்தரவு போட்டார். யாகப்பன் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தார். சாலமோன் முற்றத்தில் தன் இஷ்டத்துக்கு நடக்க ஆரம்பித்தான்.

அம்சவல்லிக்கு மட்டும் அந்தக் காலித் தாளை நம்ப முடியவில்லை. காரணம் அவளுக்கே சரியாகப் புரியவில்லை. அடுத்தமுறை வந்த ரத்னாவிடம் சொன்னாள்.

"மணியடிக்கும்போது நான் அவனைத் திரும்பிப் பாக்கறேன் இல்ல. அவன் சும்மா கீறான்னா பொரி எடுத்துக்கினு போறேன்."

"ஆமா."

"இப்ப மணி அடிச்சாலே அவன் கைய இறக்கிட்டு என்னைப் பாக்கறான்."

ரத்னா எழுதுவதை நிறுத்தினாள்.

அம்சவல்லி தன் வளைந்த கையை நீட்டினாள். விடுதியில் யாரிடமும் சொல்லாத கதையை அன்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பஸ், விறகு பிளக்கிற சத்தம், அண்ணன் பார்த்துவிட்டுப் போன முகம், எல்லாம். "எங்கண்ணன் கண்ணால பாத்துட்டுத்தான் சொன்னாரு. பஸ்ஸு எப்ப வரும்னு அந்தாளுக்குத் தெரியும்."

ரத்னா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "சாலமோன் ஏமாத்தறான்னு சொல்லலக்கா. ஆனா மணிச்சத்தம் வேணாம். என் வாட்ச்சப் பாத்து, சத்தமில்லாம, நேரத்த மாத்தி மாத்திப் பாக்கணும். நடுவுல ஒரு நாள் முழுக்க, கண் எடுக்காம ரெண்டு பேரும் பாத்து, தாள் சொல்றது சரியான்னு ஒப்பிடணும்," என்றாள். "பரீட்சை வேலையா இந்த வாரம் போகணும். அடுத்த திங்கக்கிழமை வந்து உக்காந்துடலாம். அதுவரைக்கும் கயித்த மறுபடி கட்டி வெக்கச் சொல்லிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டுத்தான் போனாள். நன்கொடையாளர்கள் வந்து போகட்டும், ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று கோதண்டராமன் இருந்துவிட்டார்.

*

வியாழக்கிழமை நடந்தது. அங்கே கரண்ட் எப்போது வருமோ அப்போதுதான் தண்ணீர் இறைக்க முடியும். அன்று விடிந்ததும் வந்தது. கஞ்சிக்கு முந்திய நேரம், தாள் இன்னும் தொடங்கவில்லை. கிணற்றடிக் கொட்டகையில் மோட்டாரைப் போட்டதும் தகரக் கூரை அதிர்ந்து கத்தியது. அம்சவல்லி சமையல்கட்டில் கஞ்சி இறக்கிக்கொண்டிருந்தாள்.

தொட்டியருகில் அப்பாவு நின்றிருந்தான். நாற்பது வயதுக்குக் கிட்ட, ஒரு பூச்சிக்கும் தீங்கு நினைக்காதவன். எந்நேரமும் கையில் ஒரு அலுமினிய டம்ளர் இருக்கும். குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்தால் டம்ளரை நீட்டிச் சிரிப்பான்.

அலறல் மோட்டார் சத்தத்தில் பாதி முழுகித்தான் கேட்டது. அம்சவல்லி ஓடிப் போனபோது சாலமோன் அப்பாவுவின் இரண்டு காதுகளையும் பிடித்துத் தலையைத் தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் மோதிக்கொண்டிருந்தான். தன் தலையை எப்படிச் சுவரில் மோதுவானோ அதே சீராக. அப்பாவுவின் அலறல் அதற்குள் நின்றிருந்தது. தொட்டித் தண்ணீரில் ரத்தம் சுருள் சுருளாக இறங்கியது.

அம்சவல்லி சாலமோனின் கழுத்தை இரண்டு கையாலும் சுற்றி இழுத்தாள். அவன் முழங்கையால் அவள் மார்பில் இடித்துத் தள்ளினான். எழுந்து அவன் கையைக் கடித்தாள். அவன் அசையவில்லை. பக்கத்தில் இரும்பு வாளி கிடந்தது. அதைத் தூக்கி அவன் தோளில் அடித்தாள். எலும்பு நொறுங்கியது வாளியின் பிடி வழியாக அவள் கைக்குத் தெரிந்தது. அப்பாவு அவன் பிடியிலிருந்து நழுவித் தரையில் சரிந்தான்.

அங்கே அவள் நிறுத்தியிருக்கலாம். சாலமோன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவள் நிறுத்தவில்லை. முதுகில் அடித்தாள், மறித்த கையில் அடித்தாள், பஞ்சுக் குல்லாய் போடாத தலையில் அடித்தாள். அவன் மாட்டைப்போல் ஒரு சத்தம் எழுப்பிச் சுருண்டான். அவள் வாளியை மறுபடியும் தலைக்குமேல் தூக்கினாள். அந்த நேரத்தில் அவள் காதில் மோட்டார் சத்தம்கூட விழவில்லை என்று பிறகு சொன்னாள். உடம்பெல்லாம் லேசாகி, யாரோ பல வருஷமாகப் பிடித்து வைத்திருந்ததை விட்டுவிட்ட மாதிரி இருந்ததாம்.

அவளைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தவர் யாகப்பன்.

"போதும் வுடும்மா. செத்துடுவான். வுடு."

வாளியை அவள் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அப்பாவு மறுநாள் மதியம் கண் திறக்காமலே இறந்துபோனான். சாலமோனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது, தலையில் தையல். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. புத்தி தெளியாதவன்மேல் வழக்கு போட்டு என்ன செய்வது என்று அவர்களே சொன்னார்கள். வாளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவனைப் பிடித்து விலக்கிய துணிச்சலுக்கு அவளைப் பாராட்டினார்கள்.

*

திங்கட்கிழமை வந்த ரத்னா கிணற்றடியில் நின்று தொட்டி விளிம்பைப் பார்த்தாள். கழுவிவிட்டிருந்தார்கள், கறை மட்டும் சிமெண்டில் ஊறிப்போயிருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

கோதண்டராமன் சாலமோனை அனுப்புவதற்குக் கடிதம் எழுதிவிட்டிருந்தார். ரத்னா அவருடன் சண்டை போடவில்லை. "அனுப்பறதுன்னாலும் அவன் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சு அனுப்புங்க சார். முதல் தாள் அவன் மாறவே இல்லன்னு சொல்லிச்சு. ரெண்டாவது தாள் முழுசா மாறிட்டான்னு சொல்லிச்சு. ரெண்டும் நான் பாத்த விதம். அப்பாவு போனதுல என் பங்கு இருக்கு," என்றாள்.

"என் பங்கும் இருக்கும்மா," என்றார் அவர். கடிதத்தை மேஜை இழுப்பறைக்குள் போட்டார்.

ஒரு வாரம் அவர்கள் சாலமோனைக் கண் எடுக்காமல் பார்த்தார்கள். விடிந்து அவன் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை, ரத்னாவும் அம்சவல்லியும் முற்றத்தின் இரு பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், ஒவ்வொரு அடியும் எப்போது ஆரம்பித்தது, எப்போது நின்றது, அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது என்று எழுதினார்கள்.

ஆரம்பிப்பதற்கு முன் அம்சவல்லி கேட்டாள்.

"அவன் அடிக்கிறத எழுதறோம். நாங்க அடிக்கிறது எதுல வரும்?"

ரத்னா தாளில் இன்னொரு கோடு இழுத்தாள். "அதையும் எழுதிடுவோம்."

ஒப்பிட்டுப் பார்த்தபோது முதல் நாள் தாளில் ரத்னாவின் கையெழுத்தில் அம்சவல்லியின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. குளிப்பாட்டும்போது அவனை அதட்டித் தொடையில் கிள்ளியிருந்தாள். தட்டிலிருந்து கையை எடுக்கச் சொல்லி மணிக்கட்டில் அறைந்திருந்தாள். தனக்கு அது ஞாபகமே இல்லை என்றாள். ரத்னா எழுதியது தப்பு என்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

சாலமோனைப் பற்றித் தெரிய வந்தது இது. அவன் நாளின் பெரும்பகுதி யாரையும் அடிக்கவில்லை. பழைய நாட்களோடு பார்த்தால் அடியில் போகும் நேரம் நிஜமாகவே குறைந்திருந்தது. பகலில் வருவது ஒற்றை அடிகள். ஆனால் மோட்டார் ஓடும்போதும், ஓடி நின்ற சற்று நேரத்துக்கும் அவன் பழைய சாலமோன். கட்டுப் போட்ட தோளோடு, முறிந்த எலும்பின் வலியோடு, சுவரைத் தேடிப் போய் மோதினான். அவர்கள் தாள் கஞ்சிக்குப் பிறகு தொடங்கி மாலையில் முடிந்தது. கரண்டோ பெரும்பாலும் விடியலில் வந்தது. இரண்டு முறையும் அந்த நேரத்தை யாரும் பார்க்கவே இல்லை.

கோதண்டராமன் மோட்டாரைச் சவுக்குத் தோப்பின் மறுகோடிக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். மாற்றி முடிக்கும்வரை, கரண்ட் வந்தவுடன் யாகப்பன் சாலமோனைக் கையைப் பிடித்து ஏரிக்கரைப் பக்கம் நடத்திக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். கழி எடுத்துக்கொள்ளவில்லை. அரைக் காதுக்காரரும் அவனும் காலை வெயிலில் வரப்பில் போவதைப் பார்த்து நாற்று நடுகிறவர்கள் முதலில் ஓடினார்கள், பிறகு ஓடுவதை விட்டார்கள்.

சாலமோன் சாது ஆகிவிட்டான் என்று சொன்னால் பொய். எண்பத்திரண்டில் யாகப்பனின் விரலை ஒடித்தான். அடுத்த வருஷம், பல்வலியில் இருந்தபோது, அம்சவல்லியின் புஜத்தில் கடித்துச் சதையைப் பிய்த்தான். தையல் போட்டுக்கொண்டு வந்தவள் அன்று மாலை அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள், வாய் திறக்க வைத்துச் சொத்தைப் பல்லைப் பார்த்தாள். அவன்மேல் அவள் கை ஓங்கியதை அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை. அவள் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். "பாக்கலன்னா இல்லன்னு ஆவுமா? மனசுல ஓங்குது," என்பாள்.

அப்பாவுவின் அக்கா ஒருத்தி, தாயாரம்மாள், வருஷத்துக்கு ஒருமுறை விடுதிக்கு வந்து எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டுப் போவாள். முதல் வருஷம் சாலமோன் இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை. மூன்றாம் வருஷம் அவன் தட்டிலும் வைத்தாள். அவளோடு வாசல்வரை அம்சவல்லி துணைக்குப் போவாள், இருவரும் பஸ் வரும்வரை நிற்பார்கள்.

ரத்னா தன் ஆராய்ச்சியை முடித்துப் பட்டம் வாங்கினாள். இப்போது டாக்டரம்மா என்று கூப்பிட்டால் மறுக்க முடியாது. இரண்டு தாள்களும் எப்படித் தப்பாகப் போயின என்பதையும், அதனால் ஒருவன் இறந்ததையும் மறைக்காமல் எழுதியிருந்தாள்.

எண்பத்தைந்தில் ஒருநாள் விடுதியைப் பார்க்க ஒரு புதிய நன்கொடையாளர் வந்தார். முற்றத்தில் மரத்தடியில் சாலமோன் பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான். கோதண்டராமனுக்குக் கண் மங்கிவிட்டது, கைத்தடியோடு நடந்தார். அம்சவல்லியைக் கூப்பிட்டார்.

"இவங்கதான் சாலமோனைப் பாத்துக்கறவங்க. நீயே சொல்லும்மா. அவன் மாறிட்டானா?"

அம்சவல்லி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"காலையில எழுந்ததுலருந்து அவன் பக்கத்துலயேதான் கீறேன் சார். யாரையும் அடிக்கல. நடுவுல கொஞ்சம் துணி காயப் போடப் போனேன். அப்ப யாகப்பன் பாத்துக்கினு இருந்தாரு, அவரையும் கேட்டுக்குங்க," என்றாள்.

நன்கொடையாளர் சிரித்தார். கோதண்டராமன் சிரிக்கவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு யாகப்பனைத் தேடிப் போனார்.